ஜாடிக்குக் காவேரித் தண்ணீர்

நான் படித்தது வேதியியல். திருப்பத்தூரிலிருந்து பெங்களூருக்கு வந்தது மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கலாம் என்ற எண்ணத்தில். கிடைத்ததோ உடைந்த பானை கழுவுகிற வேலை. அம்மாவிடம் "ஆராய்ச்சி" என்று சொல்லிவைத்தேன். அவள் அதை அக்கம்பக்கத்தில் சொல்லும்போது மருந்து கண்டுபிடிக்கிறாள் என்று ஒரு கைப்பிடி சேர்த்துக்கொண்டாள். அதனால் பொங்கலுக்கு ஊருக்குப் போனால் முழங்கால் வலிக்கு என்ன சாப்பிடலாம் என்று கேட்டுக்கொண்டு இரண்டு பேராவது வருவார்கள்.

எனக்கு வேலை கொடுத்தவர் கல்லூரியில் சரித்திரம் நடத்தியவர். முதல்வரோடு சண்டை போட்டுப் பாதியில் ஓய்வு வாங்கிக்கொண்டு, ஒரு சின்ன அறக்கட்டளையைத் தொடங்கி, தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஒரு சிற்றூரில் அகழாய்வு செய்துகொண்டிருந்தார். அலுவலகம் பெங்களூரில், அடுகோடியில் ஒரு லேத் பட்டறையின் மாடியில். அறக்கட்டளை என்றால் அவர், நான், ஒரு தட்டச்சு இயந்திரம், அவ்வளவுதான். நான் அவரை சார் என்பேன். கோபம் வந்தாலும் சார்தான், சுருதி மட்டும் மாறும்.

அந்தச் சிற்றூரில் கடலுக்கும் சவுக்குத் தோப்புக்கும் நடுவே ஒரு மேடு இருந்தது. ஊர்க்காரர்கள் அதைச் சில்லுமேடு என்றார்கள். எங்கே கால் வைத்தாலும் ஓட்டாஞ்சில்லு குத்தும். தொண்ணூறுகளில் அந்தக் கடற்கரை முழுக்க இறால் பண்ணைக் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது. மேட்டைச் சுற்றியிருந்த நிலமெல்லாம் குளமாகிவிட்டது, அடுத்து மேட்டையும் கரைக்கப்போகிறார்கள் என்று பேச்சு. அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தால் தப்பும். அரசு அறிவிக்க வேண்டுமானால் நிபுணர் குழு வந்து பார்த்துத் தலையாட்ட வேண்டும். அந்தத் தலையை ஆட்டவைக்க எங்களிடம் இருந்தது ஒரே ஒரு ஜாடி.

முழங்கால் உயரம், பெருத்த வயிறு, ஒரு பக்கக் காது உடைந்தது. வயிற்றில் யாரோ ஆணியால் கீறியதுபோல ஒரு படம். கீழே ஒரு வளைவு, நடுவில் ஒரு நீளக் குச்சி, அடியில் சில கோடுகள். பாய்மரமும் துடுப்புகளும் உள்ள கப்பல் என்றார் சார். இந்த ஊருக்குக் கப்பல் வந்துபோயிருக்கிறது, இது ஒரு துறைமுகம், ஆகவே மேட்டைத் தொடாதே. இதுதான் அவர் வாதம். ஆனால் மெட்ராஸ் கருத்தரங்கு ஒன்றில் அவர் இதன் படத்தைக் காட்டியபோது ஒரு நிபுணர் எழுந்து, "இது கரப்பான் பூச்சி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாராம். அடியில் இருந்தவை ஆறு கோடுகள். கரப்பானுக்கும் ஆறு கால். அந்த நிபுணரே இப்போது குழுவுக்குத் தலைவர். அதிலிருந்து அலுவலகத்தில் கரப்பான் பூச்சி ஓடினால் சார் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கோடை தொடங்கும்போது ஜாடி லாரியில் பெங்களூர் வந்து சேர்ந்தது. வந்த கொஞ்ச நாளில் மேலெல்லாம் வெள்ளையாகப் பூத்தது. சார் அதைச் சுண்ணாம்பு என்று நினைத்துத் துணியால் துடைத்தார். துணியோடு ஜாடியின் தோலும் கொஞ்சம் வந்தது. நான் அலறிவிட்டேன்.

நான் படித்த படிப்பு முதன்முதலாக எனக்கு உதவியது அன்றைக்குத்தான். கடலோர மண்ணில் இத்தனை காலம் கிடந்த ஜாடி உப்பைக் குடித்து வைத்திருந்தது. பெங்களூரின் காய்ந்த காற்றில் ஈரம் போகப்போக உப்பு வெளியே வந்து கட்டிதட்டி, மேல்தோலை உள்ளேயிருந்து நெம்பிக்கொண்டிருந்தது. விட்டால் குழு வருவதற்குள் கப்பலும் மிஞ்சாது, கரப்பானும் மிஞ்சாது. ஒரே வழி, நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை இறக்குவது. ஆனால் கீழே லேத் ஓடும்போதெல்லாம் எங்கள் மாடி அதிரும், மேசைமேல் வைத்த பேனா தானாக நடந்துபோகும். அங்கே உதிர்கிற ஜாடியை வைக்க முடியாது. சார் என்னைப் பார்த்தார்.

"உங்க வீடு தரைத்தளம்தானே?"

இப்படியாக ஜாடி என் தலையில் கட்டப்பட்டது. லிங்கராஜபுரத்தில் ஒரு காம்பவுண்டுக்குள் நாலு குடித்தனம், அதில் ஒன்று நான். ஒரு அறை, ஒரு சமையற்கட்டு, ஒரு குளியலறை. பெரிய பிளாஸ்டிக் டப்பில் ஜாடி உட்கார்ந்ததும் குளியலறை நிரம்பிவிட்டது. அதற்குப்பின் நான் ஒரு காலை வாசற்படியில் வைத்துக்கொண்டுதான் குளித்தேன்.

வீட்டுக்காரம்மா மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். காம்பவுண்டில் எல்லாருக்கும் அவர் ஆன்ட்டி. ஜாடி இறங்கியதுமே இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது? இதுக்குள்ள எலும்பு கிலும்பு இருந்துச்சா?"

நான் பதில் சொல்வதற்குள் சார் முந்திக்கொண்டார். "சேச்சே, அதெல்லாம் இல்லைம்மா. இது வெளிநாட்டிலிருந்து கப்பலில் மது வந்த ஜாடியாகக்கூட இருக்கலாம்."

ஆன்ட்டி பாயசத்தில்கூட எசென்ஸ் ஊற்ற விடாதவர், அதில் சாராயம் கலக்கிறார்கள் என்று. "ஜெபம் பண்ற வீட்ல ஒயின் ஜாடியா? எடுங்க சார் மொதல்ல!"

"ஆன்ட்டி, மீன் ஊறுகாயும் போட்டு வச்சிருப்பாங்க ஆன்ட்டி," என்றேன் அவசரமாக.

"மீனா?" ஆன்ட்டி யோசித்தார். "மீன்னா பரவால்ல."

அப்புறம் குனிந்து, ஜாடியின் வயிற்றில் உரிந்துகொண்டிருந்த இடத்தைப் பார்த்தார். விரலால் தொடாமல் ஊதிப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது. "அய்யய்யோ, ஸ்கின்னு எப்டி உரியுது பாரு," என்றார். அந்த நிமிடத்திலிருந்து ஜாடி அவருக்குப் பேஷன்ட்.

பேஷன்டுக்கு வேண்டியது தண்ணீர். அங்கேதான் சிக்கல். பெங்களூரில் தண்ணீர் இரண்டு ஜாதி. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருவது போர் தண்ணீர். அதில் உப்பும் சுண்ணாம்பும் ஏராளம், பாத்திரத்தில் ஊற்றி வைத்தால் வெள்ளைக் கோடு விழும். ஜாடியை அதில் ஊறவைப்பது கடலில் திரும்பப் போடுவதற்குச் சமம். இன்னொன்று குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் காவேரி. அது குடிக்க, சமைக்க. அந்தக் கோடையில் அதுவும் நூல்போல் வந்துகொண்டிருந்தது. அதில் கேட்டேன் நான், ஒரு உடைந்த ஜாடிக்கு டப் டப்பாக.

காவேரி என்ற சொல்லையே எங்கள் பக்கம் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. தொண்ணூற்றொன்றில் காவேரிக்காகக் கலவரம் நடந்தபோது கேட்டில் இருந்த தமிழ்ப் பெயர்ப்பலகையைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்த ஆன்ட்டி, பிறகு அதை மாட்டவே இல்லை. நான் அதற்குச் சில வருடம் கழித்து வந்தவள். வந்த முதல் நாளே, பஸ்ஸில் தமிழ்ப் பத்திரிகை படிக்காதே என்று எனக்குச் சொன்னவர் அவர்தான்.

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுபவரை வாட்டர்மேன் என்போம். கையில் ஆளுயர இரும்புச் சாவி, காதுக்குமேல் ஒரு பீடி, கன்னடக்காரர். விடிகாலையில் தெருமுனைக் குழிக்குள் சாவியை விட்டுத் திருகுவார். யார் வீட்டில் சண்டை, யார் வீட்டில் விருந்தாளி எல்லாம் அவருக்குத் தண்ணீர்ச் செலவை வைத்தே தெரியும். ஒருநாள் எங்கள் கேட்டில் வந்து நின்றார்.

"ஏனம்மா, உங்க சம்ப்புத் தொட்டி மட்டும் காலி ஆயிட்டே இருக்கு? கல்யாணமா?"

எனக்குப் பொய் சொல்லத் தெரியும், ஆனால் சமயத்துக்கு வராது. ஜாடியைக் காட்டினேன்.

"யாவ ஊரு மடக்கே இது?"

"தமிழ்நாட்டுப் பானை," என்றேன். சொன்னபிறகுதான் உறைத்தது.

அவர் சாவியைத் தரையில் ஊன்றி, அதன்மேல் இரண்டு கையையும் வைத்து, என்னையும் ஜாடியையும் மாறி மாறிப் பார்த்தார். "நாம இங்க சண்டே போட்டு மண்டே ஒடச்சிக்கிறோம். உங்க ஊரு மடக்கேக்கும் காவேரி நீரு பேக்கா?"

எங்கள் பானைக்கும் காவேரிதான் வேண்டுமா என்கிறார். ஆன்ட்டி உள்ளேயிருந்து வந்து கன்னடத்தில் பிடிபிடியென்று பிடித்தார். ஆஸ்பத்திரியில் பேஷன்டிடம் நீ எந்த ஊர் என்று கேட்டா டிரிப் ஏற்றுவார்கள் என்பது அதன் சாரம். வாட்டர்மேன் பீடியைக் காதிலிருந்து எடுத்து, பார்த்து, திரும்பச் செருகிக்கொண்டார். "ஆயித்து, விடும்மா. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்றேன்," என்றார். மறுமுறை எங்கள் வரிசைக்குத் தண்ணீர் கொஞ்சம் கூடுதல் நேரம் வந்தது.

அப்படியும் போதவில்லை. ஆன்ட்டி நாலு குடித்தனத்தையும் கூட்டி உத்தரவு போட்டார். பேஷன்ட் தேறும்வரை எல்லாரும் போர் தண்ணீரில் குளிக்க வேண்டும். யாராவது முணுமுணுத்தால் அவர்களைக் குளியலறைக்கு அழைத்துவந்து ஜாடியின் உரிந்த தோலைக் காட்டுவார். நான் குளித்துக்கொண்டிருக்கும்போதுகூடக் கதவைத் தட்டியிருக்கிறார்.

இடையில் சார் ஒரு காரியம் செய்தார். குழுவுக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று என் வீட்டு வாசலில் "லேபரட்டரி" என்று ஒரு பலகை மாட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் பக்கத்துத் தெரு முதியவர் ஒருவர் ஒரு சின்னப் பாட்டிலை என் கையில் கொடுத்து, "வெறும் வயித்துல புடிச்சதும்மா," என்றார். அன்றே அந்தப் பலகையைத் திருப்பி மாட்டினேன்.

உப்பு இறங்குகிறதா என்று பார்க்க ஒரு வழி வைத்திருந்தேன். இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்றதில் ஜாடி ஊறிய தண்ணீர். இரண்டிலும் ஒரு சொட்டு மருந்து விட்டால், உப்பு இருக்கும் அளவுக்குத் தண்ணீர் பால்போல் கலங்கும். இரண்டு டம்ளரும் ஒரே மாதிரி இருந்தால் ஜாடி பிழைத்தது என்று அர்த்தம். வாராவாரம் ஜாடி டம்ளர் தெளிந்துகொண்டே வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சாருக்கு ஒவ்வொரு வாரமும் நல்ல செய்தி சொன்னேன்.

பிறகு திடீரென்று கலங்கியது. அடுத்த முறை இன்னும் கலங்கியது. மருந்து விடாமலே கலங்கியிருந்தது. மருந்து கெட்டுவிட்டதா? ஜாடியே கரைகிறதா? படித்த புத்தகங்களையெல்லாம் புரட்டினேன். குளியலறையில் ஒரு புளித்த வாடை வேறு வந்துகொண்டிருந்தது. குழு வர அதிக நாள் இல்லை. சார் தினமும் என்னிடம் "எப்படி இருக்கிறது?" என்று கேட்க, நான் "பார்க்கலாம் சார்" என்று டாக்டர்போல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காய்ச்சலென்று சீக்கிரம் வீடு திரும்பினேன். குளியலறையில் ஆன்ட்டியும் பக்கத்துக் குடித்தனப் பெண்கள் இருவரும். ஆளுக்கொரு பாத்திரத்திலிருந்து டப்புக்குள் எதையோ ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஆன்ட்டி! என்ன ஊத்தறீங்க?"

"அரிசி களைஞ்ச தண்ணிம்மா," என்றார் ஆன்ட்டி, பெருமையாக. "காவேரி தண்ணி பத்தல. சரி, எப்படியும் அரிசி களையறது காவேரிலதானே, அத வீணாக்குவானேன்னு நாலு வீட்டுதையும் சேத்துட்டோம். மண்பான வாங்கினா கழனித்தண்ணிலதானே பழக்குவோம்? தெம்பா இருக்கும்."

புதுப் பானையை அடுப்பேற்றுமுன் அரிசி களைந்த தண்ணீரில் ஊறவைத்துப் பழக்குவது எங்கள் வீட்டிலும் வழக்கம்தான். ஆனால் இது பழகிப் பல நூற்றாண்டு ஆன பானை! நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை, வாடகைக்கு இருப்பவள் வீட்டுக்காரம்மாவிடம் கத்தக்கூடாத அளவுக்குக் கத்தினேன். பக்கத்துக் குடித்தனப் பெண்கள் பாத்திரத்தோடு நழுவிவிட்டார்கள். ஆன்ட்டி மட்டும் நின்றார்.

"பேஷன்டுக்குக் கஞ்சி ஒத்துக்கலன்னா சொல்லலாமே. எதுக்குக் கத்தற?" என்று கேட்டுவிட்டு, என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். "உனக்குக் காய்ச்சலும்மா. நீ போய்ப் படு."

அந்தக் கஞ்சித் தண்ணீர் மாசையெல்லாம் இறக்க மீண்டும் டப் டப்பாகக் காவேரி போனது. நாலு வீட்டுக்காரர்களும் இன்னும் கொஞ்ச நாள் போர் தண்ணீரில் தலைகுளித்தார்கள். ஒரு வழியாக ஒருநாள் இரண்டு டம்ளரும் ஒரே மாதிரி நின்றன. ஜாடியை எடுத்து என் கட்டிலுக்கு அடியில் நிழலில் காயவைத்தோம். காய்ந்தபிறகு வெள்ளை பூத்தால் எல்லாம் போச்சு. அந்த நாட்களில் என் வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் என்னைப் பார்த்துப் பேசவில்லை. நேராகக் கட்டிலுக்கு அடியில் குனிந்தார்கள். வாட்டர்மேன்கூட ஒருநாள் சாவியை வாசலில் சாய்த்துவிட்டு வந்து குனிந்து பார்த்து, "பரவாயில்லா," என்றார். வெள்ளை பூக்கவில்லை.

குழு வந்தது. மூன்று பேர். தலைவர் ஒல்லியான மனிதர். லேத் அதிர்கிற மாடியில் வைக்க முடியாது என்பதால் நேரே என் வீட்டுக்குத்தான் வந்தார்கள். சார் இஸ்திரி போட்ட சட்டையில் விறைப்பாக நின்றார். தலைவர் ஜாடியைச் சுற்றிவந்து, வயிற்றைத் தட்டிப் பார்த்து, முதலில் கேட்ட கேள்வி இதுதான்.

"எந்தத் தண்ணீரில் உப்பு இறக்கினீர்கள்?"

"டிஸ்டில்டு வாட்டர்," என்றார் சார், கண்ணை இமைக்காமல்.

காபித் தட்டோடு வாசலில் நின்ற ஆன்ட்டி தட்டை நங்கென்று வைத்தார். "இன்னா சார் டிஸ்டில்டு? யார் ஊத்தினது டிஸ்டில்டு? அத்தனையும் காவேரி சார்! நாலு குடித்தனமும் ரெண்டு மாசமா போர் தண்ணில குளிச்சோம். என் தலையப் பாருங்க," என்று கொண்டையை அவிழ்த்துக் காட்டினார். உண்மையிலேயே பாதி முடி இல்லை. "இந்தப் பேஷன்டுக்காகக் கொட்டின முடி சார் இது. டிஸ்டில்டாம்!"

சார் முகம் செத்துவிட்டது. எனக்கு மேடு முழுவதும் இறால் குளமாகிவிட்ட காட்சியே கண்ணில் வந்தது. பொய் சொன்ன அறக்கட்டளையின் பேச்சை இனி யார் நம்புவார்கள்?

தலைவர் ஆன்ட்டியின் அவிழ்ந்த முடியைப் பார்த்தார். பிறகு என்னிடம் இரண்டு டம்ளர் கேட்டார். கொஞ்சம் பஞ்சை நனைத்து ஜாடியில் ஒற்றி, அதை ஒரு டம்ளர் தண்ணீரில் பிழிந்து, தன் பையிலிருந்த மருந்தைத் தானே சொட்டுவிட்டார். இரண்டு டம்ளரும் ஒரே மாதிரி நின்றன. அப்புறம் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, பூதக்கண்ணாடியை எடுத்து, கீறலை ரொம்ப நேரம் பார்த்தார். உப்புக்கு அடியில் மறைந்திருந்த மெல்லிய கோடுகள் ஊறி ஊறி வெளியே வந்திருந்தன. நான் தினமும் பார்த்ததால் கவனிக்கவில்லை. அவர் எண்ணினார். இன்னொரு முறை எண்ணினார்.

"கரப்பான் பூச்சிக்கு இத்தனை கால் கிடையாது," என்றார்.

சார் சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்குமுன் வந்ததில்லை. வெளியே ஆன்ட்டி குழுவுக்குக் காபி கொடுத்தபடி, அதுவும் காவேரித் தண்ணீரில் போட்டதுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மேடு தப்பியது. அதைச் சுற்றி வேலி போட்டார்கள். உத்தரவில் இன்னொன்றும் இருந்தது. பக்கத்து ஊரில் ஒரு சின்னக் காட்சியகம் திறப்பார்கள், அந்த மண்ணில் கிடைத்தது அந்த மண்ணிலேயே இருக்க வேண்டும். சார் அதைப் படித்துக் காட்டியபோது நியாயமாகத்தான் பட்டது. ஜாடியை மரப்பெட்டியில் வைக்கோலோடு வைத்து ஆணி அடித்தபோதுதான் மூடியிலிருந்து கையை எடுக்க மாட்டாமல் நின்றேன்.

டெம்போவில் நானும் கூடப் போவதாக ஏற்பாடு. ஆன்ட்டி பெட்டியைச் சுற்றி ஒருமுறை வந்தார்.

"அந்த ஊர்ல தண்ணி எப்டிம்மா?"

"நல்ல தண்ணிதான் ஆன்ட்டி."

"கடலோரத்துல நல்ல தண்ணியா? யார் காதுல பூ சுத்தற?" என்று உள்ளே போய், ஒரு வெள்ளைக் கேனைத் தூக்கமுடியாமல் தூக்கி வந்து என் காலடியில் வைத்தார். மேலே துணி கட்டியிருந்தது. "போய் இறங்கினதும் ஒருவாட்டி தொடச்சி வுடு."

காய்ந்த ஜாடியில் இனி ஒரு சொட்டும் படக்கூடாது என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாங்கிக்கொண்டேன்.

எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டி, மாநில எல்லையில் அத்திப்பள்ளி செக்போஸ்டில் டெம்போவை நிறுத்தினார்கள். போலீஸ்காரர் பெட்டிக்கான தாளைப் பார்த்தார், அதில் குறை இல்லை. பிறகு என் காலடியைக் காட்டினார்.

"கேன்ல ஏனு?"

"காவேரி தண்ணி," என்றேன், வழக்கம்போல் யோசிக்காமல்.

"தமிழ்நாட்டுக்கா?"

ஓட்டுநர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். நான் தலையாட்டினேன். போலீஸ்காரர் கையை உள்ளே விட்டுக் கேனை ஒருமுறை தூக்கி எடை பார்த்தார். கீழே வைத்தார்.

"இஷ்டேனா?" என்றார். இவ்வளவுதானா என்று. சொல்லிவிட்டுத் தடுப்பைத் தூக்கினார்.

ஓசூர் தாண்டும்வரை கேனை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.